மூளையைப் படமெடுத்தார்கள், வீட்டை எடுக்கவில்லை

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ஓர் ஆய்வு முடிவு வெளியானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீவா காரிகன், பாட்ரிஷியா கூல் உள்ளிட்டோர் செய்த ஆய்வு அது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில், பதின்பருவப் பிள்ளைகளின் மூளைப் புறணி எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தது. அந்த வேகத்தை ஆண்டுக்கணக்காக மாற்றிப் பார்த்தபோது, பெண்களுக்குச் சராசரியாக 4.2 ஆண்டுகள் என்றும் ஆண்களுக்கு 1.4 ஆண்டுகள் என்றும் வந்தது. ஆண்களிடம் இந்த மெலிவு பின்மண்டையில் பார்வைக்குரிய பகுதியோடு நின்றது. பெண்களிடம் மூளையின் எல்லா மடல்களிலும் தெரிந்தது. உடனே தலைப்புச் செய்திகள் பரவின: ஊரடங்கில் பெண் பிள்ளைகளின் மூளைக்கு நான்கு வயது கூடிவிட்டது.

ஆய்வை மறுப்பது என் நோக்கம் இல்லை. 2018இல், தொற்றுக்கு முன்பே, 9 முதல் 17 வயது வரையிலான 160 பேரைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களை மறுபடியும் பார்ப்பதாகத் திட்டம். தொற்று குறுக்கே வந்ததால் 2021, 2022இல்தான் பார்க்க முடிந்தது. யாரும் திட்டமிட்டு உருவாக்க முடியாத ஒரு முன்-பின் ஒப்பீடு இப்படித் தற்செயலாக அமைந்தது. அந்த வகையில் மதிப்புள்ள ஆய்வுதான். என் கேள்வி அதை வாசித்த விதம் பற்றியது. ஒரு பெண்ணின் மூளையில் தழும்பு தெரிந்தால், அதை உண்டாக்கியது எது என்று தேடுவதற்கு முன்பே, பெண் என்பதையே காரணமாக்கிவிடுகிற பழக்கம் பற்றியது.

முதலில் அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்போம்.

பதின்பருவத்தில் மூளைப் புறணி மெலிவது நோய் இல்லை. குழந்தைப் பருவத்தில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு அதிகமாக இணைப்புகள் உருவாகின்றன. பிறகு, பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. ஜே கீட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1999இல், ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்து, சாம்பல்நிறப் பொருள் பருவமடையும் காலத்தையொட்டி உச்சம் தொட்டு அதன்பின் குறைவதைக் காட்டினார்கள். திட்டமிடுதல், பொறுத்திருத்தல், உணர்ச்சியைக் கையாளுதல் ஆகியவற்றுக்கான முன்நெற்றிப் புறணி எல்லாவற்றுக்கும் கடைசியாக, இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் முதிர்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா அதற்கு வெகு முன்பே சுறுசுறுப்பாகிவிடுகிறது.

இந்தச் சமயத்தில் மன அழுத்தம் வந்து சேர்ந்தால் என்ன ஆகிறது? ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குத் தகவல் அனுப்புகிறது, அது அட்ரீனல் சுரப்பிக்கு அனுப்புகிறது, கார்டிசால் ரத்தத்தில் ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிவந்து, ‘போதும்’ என்று சொல்லி அடங்குகிறது. வளர்ந்த உடலில் இந்த அடக்கம் சீக்கிரம் நடக்கிறது. பருவமடையாத எலிகளை வைத்து ரஸ்ஸல் ரோமியோ செய்த சோதனைகளில், அவற்றின் அழுத்த ஹார்மோன் இறங்குவதற்கு வளர்ந்த எலிகளைவிட நெடுநேரம் கூடுதலாகப் பிடித்தது. கார்டிசாலை ஏற்கும் வாங்கிகள் அதிகமாக இருக்கிற இடங்கள் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, முன்நெற்றிப் புறணி. பதின்பருவத்தில் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற இடங்களும் இவைதான். வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பெய்கிற மழைக்கும் கூரை போட்டு முடித்தபின் பெய்கிற மழைக்கும் உள்ள வித்தியாசம் இது.

இனி, ‘நான்கு வயது கூடிவிட்டது’ என்ற சொற்றொடருக்கு வருவோம். ஆய்வு அளந்தது புறணியின் தடிமனை. தொற்றுக்கு முந்தைய பிள்ளைகளிடம் எந்த வயதில் எந்தத் தடிமன் இருந்தது என்ற கோட்டை வரைந்து, பிந்தைய பிள்ளைகள் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு பெண்ணின் அறிவோ பக்குவமோ நினைவாற்றலோ நான்கு வயது மூத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஊரடங்கைக் காணாத பிள்ளைகள் என்று ஒப்பிட ஒரு கூட்டமும் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே தனிமையா, தூக்கக் குறைவா, கைப்பேசியா, நோய்த்தொற்றா, அப்பாவின் வேலையிழப்பா என்று படத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. படம் ஒரு விளைவைச் சொல்கிறது. காரணத்தைச் சொல்வது வாசிப்பவர்.

வாசித்தவர்கள் சொன்ன காரணம் என்ன? பெண்கள் கூடிப் பேசி, மனதைப் பகிர்ந்து அழுத்தத்தை ஆற்றிக்கொள்பவர்கள். ஆண்கள் விளையாட்டு போன்ற உடலுழைப்புக்காகக் கூடுபவர்கள். ஊரடங்கு பெண்களின் பேச்சைப் பறித்ததால் அவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஆய்வாளர்களே முன்வைத்த விளக்கம் இது. இதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினான்கு வயதில் ஒரு தோழி என்பவள் எவ்வளவு பெரிய காற்று என்பது நம்மில் யாருக்குத் தெரியாது? ஆனால் இந்த விளக்கத்தில் பெண் எதை இழந்தாள் என்பது மட்டுமே இருக்கிறது. தோழியிடமிருந்து பிரிக்கப்பட்டவள் யாரோடு, எந்த வீட்டுக்குள் அடைக்கப்பட்டாள் என்பது இல்லை.

அந்த வீட்டைப் பற்றிய தகவல் கிடைக்காமல் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் தேசிய அளவில் கேட்டது. தொற்றுக் காலத்தில் பெற்றோரோ வீட்டிலுள்ள வேறு பெரியவரோ தங்களைத் திட்டி, அவமானப்படுத்தி, மனதளவில் துன்புறுத்தியதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள், ஏறத்தாழ 55 சதவீதம் பேர், சொன்னார்கள். 11 சதவீதம் பேர் அடி உதை வாங்கியதாகச் சொன்னார்கள். மனதளவிலான துன்புறுத்தலைச் சொன்னவர்களில் பெண்களின் விகிதம் ஆண்களைவிட அதிகம். அதே மையத்தின் 2021ஆம் ஆண்டு நடத்தை ஆய்வில், 57 சதவீத மாணவிகள் நாள்கணக்காக நீங்காத சோகத்திலும் நம்பிக்கையின்மையிலும் இருந்ததாகப் பதிலளித்தார்கள். மாணவர்களில் அது 29 சதவீதம். கட்டாய உடலுறவுக்கு எப்போதாவது உள்ளாக்கப்பட்டதாக 14 சதவீத மாணவிகள் சொன்னார்கள். 2019இல் இந்த எண் 11ஆக இருந்தது. 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தற்கொலை முயற்சி என்ற சந்தேகத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்த 12 முதல் 17 வயதுப் பெண்களின் எண்ணிக்கை, 2019இன் அதே காலத்தைவிட 50.6 சதவீதம் கூடியிருந்தது. ஆண்களிடம் 3.7 சதவீதம்.

இந்த எண்களையும் மூளைப் படங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். இவை சியாட்டிலின் அதே பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை அல்ல. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று இவற்றைக் கொண்டு நிறுவவும் முடியாது. ஆனால் ‘பெண்கள் பேச்சை நம்பி வாழ்பவர்கள்’ என்ற விளக்கத்துக்கு இருக்கிற அதே அளவு உரிமையாவது ‘பெண்கள் அதிகம் துன்புறுத்தப்பட்டார்கள்’ என்ற விளக்கத்துக்கும் உண்டு. முதலாவது தலைப்புச் செய்தியோடு சேர்ந்து பயணித்தது. இரண்டாவது வேறு பக்கத்தில், வேறு நாளில், வேறு செய்தியாக அச்சானது. இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியதாக இருக்கலாம் என்று யாரும் முடிச்சுப் போடவில்லை.

இந்த வாசிப்புமுறைக்கு வயது அதிகம். 1873இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு தொடர்புடைய எட்வர்ட் கிளார்க் பெண் கல்வியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உடலின் சக்திக்கு ஓர் அளவு உண்டு, பருவமடையும் காலத்தில் பெண் தன் சக்தியை மூளைக்குச் செலவிட்டால் கருப்பைக்குப் போதாமல் போய்விடும் என்பது அவர் வாதம். ஆண்களைப் போல அதே அட்டவணையில் படித்த மாணவிகள் சிலர் நோயுற்றதை அவர் ஆதாரமாகக் காட்டினார். அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு உலாவினார்கள், இறுக்கமான உடைக்குள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்பதெல்லாம் அவர் முடிவை அசைக்கவில்லை. பெண்ணாக இருந்தபடி படித்ததுதான் நோய்க்குக் காரணம் என்று தீர்ப்பானது. அவருக்கு விடை சொன்னவர் மேரி பட்னம் ஜாக்கோபி என்ற மருத்துவர். பெண்களிடமே கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார், நாடித்துடிப்பைப் பதிவு செய்தார், மாதவிடாய் நாட்களில் கட்டாய ஓய்வு தேவை என்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார். 1876இல் அதே ஹார்வர்டு அந்தக் கட்டுரைக்குப் பாய்ல்ஸ்டன் பரிசு கொடுத்தது.

இன்றைய நரம்பியல் அறிஞர்களைக் கிளார்க்கோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. இருவருடைய நோக்கமும் வேறு, கருவியும் வேறு. ஆனால் ஜாக்கோபி செய்த காரியம், அதாவது சம்பந்தப்பட்ட பெண்களிடமே போய் உன் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்பது, இன்னும் மூளை ஆய்வின் ஓரத்தில்தான் நிற்கிறது.

பெண்ணுடலைப் பற்றிய அடிப்படை அறிவே எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதற்கு ஓர் எண் போதும். 2011இல் அனலீஸ் பீரி, இர்விங் ஸக்கர் இருவரும் விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளைக் கணக்கெடுத்தார்கள். நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகள், பெண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவற்றைப்போல 5.5 மடங்கு இருந்தன. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவைக் குழப்பிவிடும் என்பது வழக்கமான சாக்கு. பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளைவிடக் கூடுதலாக ஏறி இறங்குவதில்லை என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள், நிதி கேட்பவர்கள் இரு பாலினத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை 2016இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அழுத்தம் என்றால் என்ன என்பதை நெடுங்காலம் ஆண் எலியின் உடலில் படித்துவிட்டு, பெண்ணிடம் மாறுபட்ட விளைவு தெரிந்ததும் அதை அவளுடைய விசித்திரம் என்கிறோம்.

வேறு விதமாக வாசிக்க முடியாதா? முடியும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு.

2023இல் நத்தானியேல் ஹார்னெட் உள்ளிட்டோர், 9, 10 வயது அமெரிக்கப் பிள்ளைகளின் மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ், முன்நெற்றிப் புறணியின் சில பகுதிகள் வெள்ளையினப் பிள்ளைகளுடையதைவிடச் சிறிதாக இருந்தன. இங்கே நின்றிருந்தால் இனவாதிகள் கொண்டாடியிருப்பார்கள். அவர்கள் நிற்கவில்லை. குடும்ப வருமானம், பெற்றோரின் வேலை, வீட்டுச் சண்டை, வசிக்கும் பகுதியின் வறுமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் இந்தச் சுமைகளை அதிகம் சுமந்தார்கள். இனம் போலத் தோன்றிய வேறுபாடுகளில் சிலவற்றை அந்தச் சுமைகள், குறிப்பாக வருமானம், ஓரளவு விளக்கின. கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் பொய்த்தோற்றம் என்று எழுதினார்கள். பாலினத்துக்கும் இதே வாசிப்பைக் கேட்பதில் என்ன தவறு?

இன்னொன்று, பெண்களையே பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. பெனலோப் டிரிக்கெட், ஃபிராங்க் பட்னம், ஜென்னி நோல் ஆகியோர் 1987இல் தொடங்கப்பட்ட ஓர் ஆய்வின் மூலம், குடும்பத்துக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளான 80க்கும் மேற்பட்ட சிறுமிகளையும், அப்படி ஆளாகாத ஏறத்தாழ அதே எண்ணிக்கைச் சிறுமிகளையும் அவர்கள் தாயாகும் வயது வரைக்கும் பார்த்தார்கள். வன்முறைக்கு ஆளானவர்களின் கார்டிசால் சிறுவயதில் இயல்பைவிட உயர்ந்திருந்தது. பதின்பருவம் கடக்கக் கடக்க அது இறங்கி, பெரியவர்களானபோது இயல்பைவிடத் தாழ்ந்துவிட்டது. எப்போதும் அடித்துக்கொண்டிருந்த மணி ஒருநாள் அடிப்பதை நிறுத்திவிடுவதைப்போல. அவர்கள் சீக்கிரம் பருவமடைந்ததையும் பதிவு செய்தார்கள். இதில் எந்த இடத்திலும், பெண் என்பதால் இப்படி ஆனது என்ற வரிக்கு இடமில்லை. ஒருவர் அவளுக்கு ஏதோ செய்தார், அவள் உடல் அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது என்றே வாசிக்க முடியும். குற்றத்துக்கு ஓர் எழுவாய் இருக்கிறது.

வாசிப்பு எப்படி இருந்தால் என்ன, பெண்களின் துயரம் கவனத்துக்கு வந்ததே போதாதா என்று கேட்கலாம். போதாது. மூளையைப் பற்றிய வாக்கியங்கள் நீதிமன்றத்துக்கும் போகின்றன. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பதின்பருவத்தினரின் முதிர்ச்சி முழுமையடையவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் அந்த வழக்கில் வாதாடியது. ஒரு சிறுவன் தூக்கிலிருந்து தப்பினான், நல்லது. ஆனால் அதே சங்கம் 1990இல், மின்னசோட்டா மாநிலச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், கருக்கலைப்பு பற்றித் தானே முடிவெடுக்கும் திறன் பதின்பருவப் பெண்ணுக்கு உண்டு என்று சொல்லியிருந்தது. நீதிபதி ஸ்காலியா தன் மாறுபட்ட தீர்ப்பில் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் சகாக்களும் 2009இல் இதற்கு விளக்கம் எழுதினார்கள்: நிதானமாக, கலந்துபேசி யோசிக்கும் திறன் 16 வயதுவாக்கில் பெரியவர்களுக்கு இணையாகிவிடுகிறது; நண்பர்கள் சூழ்ந்திருக்க, உணர்ச்சி கொதிக்கிற நொடியில் தன்னை அடக்குவதுதான் பிறகு வருகிறது. இரண்டும் வேறு வேறு திறன்கள். இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டு ‘பதின்பருவ மூளை முதிராதது’ என்று மொத்தமாகச் சொன்னால், சிறுவனுக்குக் கருணையாகிற வாக்கியம் சிறுமியின் கருப்பைக்குப் பூட்டாகிறது.

தமிழில் இதை வாசிக்கிற நமக்கு அந்தப் பூட்டு பழக்கமானது. ‘இது மனசு அலைபாயுற வயசு’ என்று சொல்லித்தான் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள், கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 நிறைவதற்கு முன் திருமணமானவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். அலைபாயும் வயது என்று முடிவெடுக்கும் உரிமையைப் பறித்தவர்களே, அதே வயதில் ஒரு குடும்பத்தை நடத்தும் பொறுப்பை அவள் தலையில் வைக்கிறார்கள். நாளை இவர்கள் கையில் எம்.ஆர்.ஐ. படம் கிடைத்தால், விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்பார்கள். அழுத்தத்தால் பெண்ணின் மூளை பாதிக்கப்படுகிறது என்ற செய்தியிலிருந்து, அழுத்தத்தைக் குறைப்போம் என்ற முடிவுக்கும் போகலாம், பெண்ணை இன்னும் பொத்திவைப்போம் என்ற முடிவுக்கும் போகலாம். பொத்திவைப்பதே அழுத்தம் என்பதை யார் சொல்வது?

சேதத்தை மட்டும் பேசுகிற வாசிப்பு இன்னொன்றையும் மறைக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னரும் குழுவினரும் 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அனாதை விடுதிகளில் வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு அமெரிக்கக் குடும்பங்களில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அழுத்த எதிர்வினை மழுங்கிப்போயிருந்தது. சூழல் மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அப்படியே இருந்தது. பருவமடையும் காலத்தில், அதன் படிகள் ஒவ்வொன்றாகக் கடக்க, அது மற்ற பிள்ளைகளுடையதைப் போல மாறத் தொடங்கியது. பருவமடைதல் என்பது உடல் தன்னைச் சுற்றி இப்போது இருக்கிற உலகத்தைப் பார்த்துத் தன் எச்சரிக்கை மணியை மறுபடி சரிசெய்துகொள்கிற காலமாக இருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். ‘இப்போது இருக்கிற உலகம்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது பாதுகாப்பானதாக இருந்தால் உடல் அதற்கேற்ப அடங்கும். மிரட்டுவதாக இருந்தால் அதற்கேற்ப விறைக்கும். எந்த வயதில் பெண்ணின் உலகத்தைச் சுருக்குகிறோமோ, அந்த வயதில்தான் அவள் உடல் உலகம் எப்படிப்பட்டது என்று மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே ‘பெண் பிள்ளைகளின் மூளை’ என்று தொடங்கும் செய்தி அடுத்த முறை வரும்போது அந்த மூளைக்குச் சொந்தக்காரியின் ஒரு நாளைக் கேட்போம். எத்தனை மணிக்குத் தூங்கினாள், யார் எழுப்பினார்கள், எழுந்ததும் யாருக்காக அடுப்பைப் பற்றவைத்தாள், வீட்டில் யாருடைய காலடிச் சத்தத்துக்குப் பயந்தாள், சொன்னால் நம்புவதற்கு ஒருத்தியாவது இருந்தாளா. இந்தக் கேள்விகளுக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை, அவளிடம் கேட்டாலே போதும். பதில் தெரிந்த பிறகு புறணியின் தடிமனை அளந்தால், அந்த எண்ணுக்கும் அர்த்தம் வரும்.